திருப்பணிக்கு முன் ஒரு பணி

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழம்பொருள்களைப் பாதுகாத்தல் பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் பணித்தபோது நாங்கள் தயங்கினோம். வயதிற் சிறியவர்கள்; இன்னும் பட்டம் பெறாதவர்கள்; போதாக்குறைக்கு மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். ஏதென்சு நகரத்துக் குன்றின்மேல் நிற்கும் கோயிலைப் பற்றி வகுப்பறையில் இரண்டு பக்கம் எழுதித் தந்த நாங்கள், வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரத்திற் போய்ச் சேரக்கூடிய கந்தரோடையைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த பின்னரே முதன்முதலிற் பார்த்தோம். குற்றம் பாடசாலையினுடையதன்று. அயலில் இருப்பதைக் கேட்டறியாத எங்களுடையதே. ஆகவே இன்று அறிவுரை சொல்ல வரவில்லை. எங்கள் கையால் நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்லி, அதிலிருந்து நாங்கள் கற்றதை உங்கள்முன் வைக்க வந்திருக்கிறோம்.

நடந்தது இதுதான். குடாநாட்டிலுள்ள ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். அங்குள்ள கோயிலுக்குத் திருப்பணி தொடங்கியிருந்தது. கோயிலின் வடக்கு வீதியிற் பழைய மடமொன்று. சுண்ணாம்புக் கல்லாற் கட்டியது, கூரை விழுந்துவிட்டது, ஆலமரத்தின் வேர் சுவரைப் பிளந்து நின்றது. அதன் வாசற்படிக்குப் பக்கத்திற் கிடந்த கல்லொன்றில் நான்கைந்து வரி எழுத்து இருந்தது. பாசி படர்ந்து தேய்ந்திருந்தபடியால் எங்களால் வாசிக்க முடியவில்லை. ஊர் முதியவர் ஒருவர், “அது மடத்துக்கு நிலம் விட்டவரின் பெயர், தம்பிமார். எங்கள் பேரன் காலத்திலேயே இருந்தது” என்றார். நாங்கள் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்தோம். பொழுது மங்கிவிட்டது, படம் தெளிவில்லை. “பரீட்சை முடியட்டும், ஆறுதலாக வந்து படியெடுப்போம்” என்று திரும்பிவிட்டோம்.

மூன்று கிழமை கழித்துப் போனோம். மடம் நின்ற இடம் சமதரையாக இருந்தது. பெக்கோ இயந்திரம் ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டது. கல் எங்கே என்று கேட்டோம். புதிய மண்டபத்தின் அத்திவாரத்துக்குக் கல் போதாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டதாகச் சொன்னார்கள். சொன்னவர்களின் முகத்தில் வஞ்சகம் இல்லை. அது முக்கியமான கல் என்று அவர்களுக்கு ஒருவருமே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். அந்த முதியவரும் இப்போது உயிரோடில்லை. யாரோ ஒரு புண்ணியவான் வழிப்போக்கர் இளைப்பாறுவதற்காக நிலம் விட்டார். அவர் பெயர் இன்று கொங்கிறீற்றுக்கு அடியிற் கிடக்கிறது. எங்களிடம் இருப்பதோ தெளிவில்லாத ஒரு படம்.

அன்பர்களே, பழம்பொருள் அழிந்தது என்றால் நாம் உடனே பிறரைச் சுட்டுகிறோம். சுட்டுவதற்குக் காரணமும் உண்டு. 1620ஆம் ஆண்டையடுத்துப் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையும் பிற கோயில்களையும் இடித்தனர். இன்று நாம் வணங்கும் நல்லூர்க் கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல், வேறோர் இடத்தில் எழுந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. ஐந்து முனைகளோடு கடலோரத்தில் நிற்கும் யாழ்ப்பாணக் கோட்டையும், அதனுள் ஒல்லாந்தர் 1706இற் கட்டிய தேவாலயமும் 1990இல் நிகழ்ந்த போரினாலும் அதன் தொடர்ச்சியாலும் சிதைந்தன. இவற்றை மறக்க முடியாது, மறக்கவும் கூடாது.

ஆனால் போர் 2009இல் முடிந்துவிட்டது. அதன் பின்னர் எங்கள் ஊர்களில் மறைந்த மடங்கள் எத்தனை? தூர்ந்த கேணிகள் எத்தனை? தலைச்சுமையை இறக்கி வைப்பதற்கு நின்ற சுமைதாங்கிகளும், ஆடுமாடுகள் உடம்பு தேய்ப்பதற்கு நட்ட ஆவுரோஞ்சிக் கற்களும், வீட்டு வாயிலிற் கூரையோடு நின்ற சங்கடப் படலைகளும் எங்கே போயின? அவற்றை எந்த அந்நியரும் இடிக்கவில்லை. வீதியை அகலிக்கும்போதும், மதில் கட்டும்போதும், கோயிலைப் பெருப்பிக்கும்போதும் நாமே அகற்றினோம். பருத்தித்துறையில் வீதிக்குக் குறுக்கே கல்லாற் கூரையிட்டு நிற்கும் தெருமூடி மடத்தைப் பார்த்தவர்களுக்கு நாம் இழந்தவை எத்தகையன என்பது விளங்கும்.

நம்மிடம் பெரிய பொருள் ஒன்றும் இல்லையே, தஞ்சையைப் போலவோ அனுராதபுரத்தைப் போலவோ வானளாவிய கட்டடங்கள் இங்கில்லையே என்று சிலர் கேட்பதுண்டு. குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேலே அமைந்தது. கருங்கல் இங்கே கிடையாது. முருகைக் கல்லையும் சுண்ணாம்புக் கல்லையும் வெட்டி, சுண்ணாம்புச் சாந்தினால் இணைத்தே நம் முன்னோர் கட்டினர். அக்கல் மென்மையானது, விரைவிலே தேய்வது. ஆகையால் நமது பழமை உயரத்தில் இல்லை. மண்ணுக்குள்ளும், சிறு கல்லிலும், சிறு காசிலும் இருக்கிறது.

கந்தரோடையை எடுத்துக்கொள்வோம். 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் என்னும் அறிஞர் அங்கு ஆராய்ந்து, பழங்காசுகளையும் சிறிய தூபிகளின் எச்சங்களையும் உலகுக்கு அறிவித்தார். 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தனர். கிறித்துவுக்கு முற்பட்ட காலத்திலேயே மக்கள் அங்கு குடியிருந்து, கறுப்பும் சிவப்புமான மட்பாண்டங்களைப் பயன்படுத்தி, கடல் கடந்து வாணிகமும் செய்தனர் என்பது தெளிவாயிற்று. 1980ஆம் ஆண்டையொட்டி ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த ஈமக்குழியில் ஒரு முத்திரை கிடைத்தது. அதிலுள்ள பிராமி எழுத்துக்கள் ‘கோவேத’ என வாசிக்கப்பட்டன. விரல் நகமளவான ஒரு பொருள் நம் வரலாற்றை எத்தனை நூற்றாண்டு பின்னோக்கிக் கொண்டுபோயிற்று! அதைக் கண்டெடுத்தவர்கள் எந்தக் குழியில், எந்த மண்படையில், எந்தப் பாண்டத்துக்கு அருகே கிடந்தது என்பதைக் குறித்து வைத்தார்கள். குறிப்பில்லாமல் ஒருவர் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டு வந்திருந்தால் அது வெறும் துண்டே.

இன்னொரு சான்று, நம் சங்கத்தினர் பலர் ஆண்டுதோறும் போய்வரும் நயினாதீவில் இருக்கிறது. நாகபூசணி அம்மன் ஆலயத்துக் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. தமிழில் எழுதப்பட்டது. பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் என்றும், வாணிக மரக்கலம் உடைந்தாற் பாதிக்குப் பாதி என்றும் விதிக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். சிங்கள மன்னன் ஒருவன், தமிழ் மொழியில், தீவொன்றிலே, கப்பல் உடைந்த அந்நியனுக்கு நீதி வகுத்திருக்கிறான்! இந்த ஒரு கல் இல்லையானால் ஊர்காவற்றுறையின் பெருமையை நாம் எதைக்கொண்டு நிறுவுவோம்? இது கோயிலில் இருந்ததனாலேயே பிழைத்தது. அக்கோயிலின் ஏதோ ஒரு திருப்பணியில், யாரோ ஒருவர் இதனை உடைத்து அத்திவாரத்திற் போடாமல் விட்டார். பெயரறியாத அந்த மனிதருக்கு நாம் நன்றி செலுத்தவேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். “கோயில் நூதனசாலையன்று, தம்பி; நித்திய பூசை நடக்கும் இடம். ஓடு ஒழுகுகிறது, மண்டபம் போதாது, கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். பழசு என்பதற்காக இடிந்த சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கச் சொல்கிறீர்களா?” என்று பெரியோர் கேட்பர். இல்லை, ஐயா. கோயில் வாழ வேண்டும், வளர வேண்டும். ஆனால் நம் சமயம் திருப்பணிக்கு வழங்கும் பெயரையே பாருங்கள். சீரணோத்தாரணம் என்கிறோம். சீர்கெட்டதை எடுத்து நிறுத்துதல் என்பதே அதன் பொருள். சீராக இருப்பதையும் சேர்த்து அகற்றுவது அப்பெயருக்குள் அடங்காது.

இதற்கு வழிகாட்டி நம் மரபிலேயே இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டிற் சோழ நாட்டிலே செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிகாவில் அவ்வாறு புதுப்பித்தபோது பழைய கல்வெட்டுக்களை அவர் எறிந்துவிடவில்லை. முந்திய மன்னர் காலத்துச் சாசனங்களைப் படியெடுத்து, புதிய சுவரிலே மீண்டும் வெட்டச் செய்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு பெண்மணி, ‘இடிக்குமுன் எழுதி வை’ என்ற நெறியைக் கைக்கொண்டிருக்கிறார். நாங்கள் கேட்பது அதற்கு மேற்பட்ட ஒன்றன்று. அவரிடம் இருந்தவை உளியும் கல்லும். நம் ஒவ்வொருவர் கையிலும் இன்று புகைப்படக் கருவி இருக்கிறது. மனம் ஒன்றே குறை.

இனி, எது எவ்வாறு கெடுகிறது என்பதையும் சிறிது சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்யும் காரியங்களே பல வேளைகளிற் கேடு விளைக்கின்றன. சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய பழஞ்சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி, வெயிற்காலத்தில் வெளிவிடும். அதன்மேற் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அகப்படும். கடற்காற்றின் உப்பும் உள்ளேயே தங்கும். பூச்சு உறுதியாக இருக்க, பின்னால் உள்ள கல் மாவாக உதிரும். காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டளவிற் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. நமது கல்லையே அரைத்துச் சீமெந்தாக்கினோம். அந்தச் சீமெந்தினாலேயே எஞ்சிய கல்லையும் மூடுகிறோம். அவ்வாறே பழைய வாகனங்களுக்கும் தேர்ச்சிற்பங்களுக்கும் ஆண்டுதோறும் எனாமல் வர்ணம் அடிக்கிறோம். சிற்பியின் உளி நுணுக்கம் வர்ணத்துக்குள் மறைந்துவிடுகிறது. தமிழ்நாட்டிற் கோயிற் சுவர்களை மணல் வீச்சினால் துப்புரவாக்கியபோது கல்வெட்டுக்கள் தேய்ந்ததும், அது குறித்துக் கண்டனம் எழுந்ததும் நமக்கு எச்சரிக்கையாக வேண்டும்.

எல்லாம் கோயிலைச் சார்ந்தவை அல்ல. நல்லூரில் மந்திரிமனை என வழங்கும் கட்டடத்தை அறியாதார் யார்? இப்போதுள்ள கட்டடம் அரசர் காலத்துக்குப் பிற்பட்டது என்பர் ஆய்வாளர். எனினும் ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகரை நினைவூட்டும் சில அடையாளங்களுள், சங்கிலித்தோப்பு வளைவோடும் ‘ப’ வடிவிலமைந்த யமுனா ஏரியோடும் சேர்த்து எண்ணப்படுவது. பல்லாண்டாக அது நலிந்து வருவதைப் பேசினோம், எழுதினோம். 2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்து மழையில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விழுந்த மறுநாள் எல்லோரும் படம் எடுத்தோம். விழுவதற்கு முதல்நாள் அதன் ஒவ்வொரு தூணையும் உத்தரத்தையும் அளந்து வைத்திருந்த ஊரவர் எத்தனை பேர்?

சட்டம் இல்லையா எனலாம். உண்டு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும், 1998இல் அதற்குச் செய்த திருத்தமும் நடைமுறையில் உள்ளன. தனியார் காணியில் நிற்கும் பழங்கட்டடத்தையும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க அதில் இடமுண்டு. ஆனால் சட்டத்துக்குக் கண் வேண்டும். குச்சொழுங்கையில் நிற்கும் சுமைதாங்கியைத் திணைக்களம் எப்படி அறியும்?

இவ்விடத்தில் ஒளிவுமறைவின்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஒரு பழங்கல்லைக் கண்டவர் வாய்திறக்க அஞ்சுகிறார். ‘சொன்னாற் காணி போய்விடும், கோயில் போய்விடும், நாளைக்கு வேறொருவர் வந்து உரிமை கேட்பார்’ என்பது அந்த அச்சம். காரணமில்லாத அச்சம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். 2020இற் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென அமைத்த சனாதிபதி செயலணி, தமிழரும் முஸ்லிம்களும் இல்லாமலே தொடங்கியதை நாம் கண்டோம். ஆனால் அச்சத்துக்கு மருந்து மறைத்தல் அன்று. மறைத்த பொருள் மண்ணாகும். எழுதி வைத்த பொருளே சாட்சியாகும். எங்கே, எந்நிலையில், எவ்வளவு அகலத்தில், யார் பராமரிப்பில் இருந்தது என்ற குறிப்பும் படமும் நாமே வைத்திருந்தால், இயந்திரத்துக்கும் அது தடை. பொய்யுரிமைக்கும் அது தடை.

அந்தக் குறிப்பு நேர்மையாகவும் இருக்க வேண்டும். கந்தரோடைத் தூபிகளைக் கண்டு முகத்தைத் திருப்ப வேண்டியதில்லை. தமிழர் பௌத்தம் தழுவியிருந்ததற்கு மணிமேகலை என்னும் காப்பியமே சான்று. சங்கானையிற் சிதைந்து நிற்கும் பறங்கியர் காலத்துத் தேவாலயச் சுவரும் நம் மண்ணின் கல்லே; நம் தச்சரும் கொத்தரும் உழைத்த உழைப்பே. யாழ்ப்பாணக் கோட்டை நம்மை ஆள எழுந்தது. ஆயினும் போருக்குப் பின்னர் அங்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் அகழ்ந்தபோது, கோட்டைக்கு அடியில் அதற்கு முற்பட்ட துறைமுக வாழ்வின் தடயங்களும் சீன நாட்டு மட்பாண்டத் துண்டுகளும் வெளிப்பட்டன. வேண்டாத கட்டடம் என்று முழுவதையும் பெயர்த்திருந்தால் நம் வரலாற்றையும் அல்லவா பெயர்த்திருப்போம்?

பதிவின் பயனுக்கு மேனாட்டிலிருந்து ஓர் உதாரணம். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் பாரிசு நகரத்து நோத்தர் டாம் பேராலயம் தீப்பற்றிக் கூரை வீழ்ந்தது. ஐந்தாண்டு கழித்து, 2024 திசெம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. அந்த வேலைக்குத் துணையாயிருந்தவற்றுள் ஒன்று, அன்ட்ரூ ரலன் என்ற பேராசிரியர் தீக்குப் பல ஆண்டுகள் முன்னரே லேசர் கருவி கொண்டு ஆலயம் முழுவதையும் அளந்து வைத்த பதிவு. தீ வரும் என்று அவர் அறிந்திருக்கவில்லை. தீ வந்தபோது அவர் உயிரோடும் இல்லை. அளந்து வைத்தார், அவ்வளவே.

நமக்கு லேசர் கருவி வேண்டியதில்லை. அளவுநாடா, குறிப்புப் புத்தகம், கைத்தொலைபேசி மூன்றும் போதும். நாங்கள் சொல்லும் வேலை எளியது. முதலாவது, ஒவ்வொரு சங்கக் கிளையும் தன் ஊரிலுள்ள மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல், பழைய வீடு, கல்வெட்டு, பெயர் பொறித்த மணி, விளக்கு, வாகனம் என்பவற்றுக்கு ஓர் அட்டவணை எழுதுக. இரண்டாவது, ஒவ்வொன்றையும் நாற்புறமும் பகல் வெளிச்சத்திற் படமெடுக்க. பக்கத்திலே அளவுகோல் வைக்க மறவாதிருக்க. மூன்றாவது, எழுத்து இருந்தால் அதனைச் சுரண்டவோ சுண்ணாம்பு தடவவோ வேண்டாம்; பல்கலைக்கழகத் தொல்லியற் பகுதியாரை அழைத்து மைப்படி எடுக்க. நான்காவது, ஊர் முதியோர் சொல்வதை அவர் சொல்லும் சொல்லிலேயே திகதியிட்டு எழுதுக. ஐந்தாவது, பிரதிகள் மூன்று செய்க: ஒன்று கோயிலில், ஒன்று பல்கலைக்கழகத்தில், மற்றொன்று 2005 முதல் நம் நூல்களையும் ஏடுகளையும் இணையத்திற் சேர்த்துவரும் ‘நூலகம்’ நிறுவனத்தில். ஒரே இடத்தில் வைப்பது எத்தகைய ஆபத்து என்பதை 1981 நமக்குக் கற்பித்தது.

தர்மகர்த்தாக்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். பாலஸ்தாபனத்துக்கு நாள் குறிக்கும்போது, அதற்கு முன்னே ஒரு நாளைப் பதிவு நாளாகக் குறித்துத் தாருங்கள். இலட்சக்கணக்கிற் செலவாகும் திருப்பணியில் அந்த ஒரு நாளுக்குச் செலவு ஒன்றுமில்லை. தேநீர்கூட நாங்களே கொண்டுவருவோம். கழற்றிய கற்களுக்கும் மரங்களுக்கும் கோயில் வீதியில் ஒரு சிறு அறை ஒதுக்கித் தாருங்கள். புதிய உபயகாரர் பெயரைப் பளிங்கிற் பொறிக்கும்போது, பழைய உபயகாரர் பெயருள்ள கல்லையும் அதன் பக்கத்திற் பதித்துவிடுங்கள். இன்று பளிங்கில் ஏறும் பெயருக்கு நூறாண்டு கழித்து நேர்வது என்ன என்பதை, இன்று பழைய பெயருக்கு நாம் செய்வதைப் பார்த்தே வருங்காலத்தார் கற்றுக்கொள்வர்.

நாங்கள் தவறவிட்ட அந்தக் கல்லை மீட்க முடியாது. ஆனால் அந்த ஊரிலே இன்னும் ஒரு கேணி இருக்கிறது. அதன் படிக்கட்டிலும் ஏதோ எழுத்து இருப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்க மண்டப வாசலிலிருந்து புறப்படுகிறோம். இம்முறை பரீட்சை முடியும்வரை காத்திருக்கப் போவதில்லை. வரக்கூடியவர்கள் சைக்கிளோடு வாருங்கள்; அளவுநாடா வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வாருங்கள்.